வேறு அடையாளம் உண்டா?

மாதேஷ் சார் எங்கள் ஊருக்கு வந்தபோது அதுவரை கடலையே பார்த்திராதவர். தர்மபுரிப் பக்கம் பென்னாகரத்துக்காரர். பள்ளிகளில் 'தேடல்' என்றொரு பாடத்தைப் புதிதாகச் சேர்த்து, அதற்கென்று தனி ஆசிரியர்களை அனுப்பிய வருடம் அது. எங்கள் வெள்ளாந்துறைப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு அறை இல்லை. அதனால் நான் பார்த்துக்கொண்டிருந்த ஊர்ப் படிப்பகத்தில், நாளிதழ் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு வகுப்பு நடந்தது. என் மகள் ஜெபிஷா ஒன்பதாம் வகுப்பு. அவள் முதல் வரிசையில் இருப்பாள். நான் பழைய புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன்.

"இணையம்னா பெரிய நூலகம்னு உங்க வீட்ல சொல்லியிருப்பாங்க," என்றார் சார் முதல் நாள். "அது அந்தக் காலம். அப்ப தேடினா, யாரோ எப்பவோ எழுதி வச்ச பக்கம் கிடைக்கும். இப்ப நாம 'விடை'கிட்ட கேக்குறோம். நீ கேட்ட அப்புறம்தான் அது பக்கத்தையே எழுதுது. உலகம் பூரா இருந்து வர்ற துண்டு துக்காணியை ஒட்டி, நடுவுல இருக்குற ஓட்டையைத் தானே அடைச்சு, உனக்குன்னு ஒரு பக்கம்."

"அப்பம் நாம கேக்கதுக்கு முன்ன அது எங்க சார் இருந்து?" என்று கேட்டாள் ஜெபிஷா.

"எங்கேயும் இல்ல."

"பேயி மாதிரியா சார்?" என்றது பின்வரிசை. படிப்பகம் அதிரச் சிரிப்பு.

சாரும் சிரித்தார். "பேயா இருந்தாலும் நாலு கேள்வி கேளு. சொல்றது யாரு? அவருக்கு எப்படித் தெரியும்? அவரைப் பார்த்து எழுதாத இன்னொருத்தர் இதையே சொல்றாரா? நாம நம்பினா யாருக்கு லாபம்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொண்ணு. தப்பைப் பார்த்தா சும்மா கடந்து போகாதீங்க. திருத்திட்டுப் போங்க. உங்களுக்குப் பின்னாடி வர்றவங்க அதுல விழக் கூடாது."

அந்தக் கடைசி விஷயம்தான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. அடுத்த வாரமே ஒரு பக்கத்தில் நெத்தோலி என்பது சாளையின் குஞ்சு என்று வந்தது. மீன்காரப் பிள்ளைகள் விடுவார்களா? "இத எழுதினவன் மீனத் தின்னாதவனாக்கும்!" என்று கத்திக்கொண்டு பக்கத்தின் அடியில் இருந்த திருத்தப் பெட்டியில் எழுதித் தள்ளினார்கள். நெத்தோலிக்கு உதடு எப்படி, சாளைக்குச் செதில் எப்படி, எது எந்த வலையில் படும் என்றெல்லாம். மறுமுறை கேட்டபோது பக்கம் சரியாக வந்தது. பிள்ளைகள் எழுதிய வார்த்தைகளே அதில் இருந்தன. கீழே, 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி. வேறு விவரம் உண்டா?' என்று கேட்டிருந்தது.

"பாத்தியளா? நாம சொன்னதக் கேட்டுட்டு!" என்று ஜெபிஷா அன்று வீட்டில் தன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

"நான் சொன்னா எவன் கேக்கான்," என்றார் அவர். "அந்த விடைக்கிட்ட சொல்லி, மீன் வெலையக் கொஞ்சம் கூட்டச் சொல்லு மக்களே."

என் கணவர் பெயர் ததேயூஸ். ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'கணவாய்' என்றால்தான் தெரியும். சண்டை வந்தால் கணவாய் மையைப் பீய்ச்சிவிட்டு நழுவுவதுபோல, ஏதாவது கேலி சொல்லிவிட்டு நழுவிவிடுவார். எங்கள் கரையில் ஆண்களுக்கெல்லாம் இப்படி ஒரு பட்டப்பெயர் உண்டு. ஞானஸ்நானப் பெயர் கல்யாணப் பத்திரிகைக்கும் கல்லறைக்கும் மட்டும்தான்.

பர்ணபாஸ் அண்ணனின் விசைப்படகு 'ஆரோக்கிய தூதன்'. அதை ஓட்டியவர் என் கணவர். அவரோடு சேர்த்துப் பதினொரு பேர். பத்துப் பதினைந்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பார்கள். ஐப்பசிக் கடைசியில் போனார்கள். முன்னறிவிப்பில் சொன்னதைவிடப் பெரிதாக ஒரு புயல் எழுந்தது. படகிலிருந்த சமிக்ஞைக் கருவி அன்று மாலையோடு ஊமையாகிவிட்டது.

மீட்பு மையம் முதலில் சரியாகத்தான் தொடங்கியது. இதை நான் சொல்லியாக வேண்டும். காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு, படகு தெற்கே இழுபட்டிருக்கும் என்றார்கள். கைவசம் இருந்தது ஒரு விமானமும் இரண்டு கப்பல்களும். அவை தெற்கே போயின.

இங்கே கரையில் எங்களுக்கு என்ன வேலை? காத்திருப்பது மட்டும். பெண்கள் எல்லோரும் படிப்பகத்தில் வந்து கூடினோம், அங்கேதான் திரைகள் இருந்தன. மாதேஷ் சார் பள்ளிக்கூடம் விடுமுறை என்றாலும் ஊருக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் விடையிடம் கேட்டபடியே இருந்தார்கள். 'ஆரோக்கிய தூதன் எங்கே?'

இரண்டாம் நாள் ஒரு பக்கம் வந்தது. வடமேற்கே, லட்சத்தீவுக் கடலில், சரக்குக் கப்பல் ஒன்றின் மாலுமி ஒரு மீன்பிடிப் படகைக் கண்டாராம். பச்சை நிறம். ஒன்பது பேர்.

"இது நம்ம போட்டு இல்ல," என்றாள் ஜெபிஷா உடனே. "நம்மளது நீலமாக்கும். ஆளும் பதினொண்ணு."

"சரியாச் சொன்னே," என்றார் சார். அவர் கற்றுக்கொடுத்தது அப்படியே பலித்திருந்தது. பொய்யைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு, அவர் கற்றுக்கொடுத்த இன்னொன்றையும் செய்தார்கள். திருத்தினார்கள்.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. தன் பிள்ளை இருக்கும் படகைப் பச்சை என்று எவனாவது சொன்னால் எந்தத் தாய் பொறுப்பாள்? "நீலம்னு எழுது மக்களே. வெளிர் நீலம். கீழ ஒரு மஞ்சக் கோடு," என்றாள் ஒருத்தி. "எனக்க மவன் ஜோபின் செவப்புப் பனியன் போட்டிருந்தான், எழுது," என்றார் விக்டோரியாம்மா. படகிலேயே இளையவன் அவருடைய மகன். "முன்ன அணியத்துல குருசு வரஞ்சிருக்கும்." "இஞ்சின் அறை மேல மைக்கேல் சம்மனசு படம் உண்டும்." ஜெபிஷாவின் விரல்கள் சிலுவையையும் வானதூதர் படத்தையும் வேகமாக எழுதின.

மறுநாள் இன்னொரு பக்கம். வேறொரு கப்பல், வேறொரு நேரம். வெளிர் நீலப் படகு, மஞ்சள் கோடு, பதினொரு பேர். அவர்களில் சிவப்பு பனியன் அணிந்த இளைஞன் கையசைத்தான்.

விக்டோரியாம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். சார் திரையருகே போய் இரண்டு முறை படித்தார். "முதல்ல பார்த்தவர் வேற, இவர் வேற. ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் எழுதல," என்றார். அவர் கண்ணிலும் நீர் இருந்தது. அந்த நிமிடத்தில் அவருடைய நாலு கேள்விக்கும் அந்தப் பக்கம் பதில் வைத்திருந்தது.

மாலையில் மீட்பு மையத்திலிருந்து ஒரு பெண் பேசினார். அவர்களுடைய இயந்திரமும் விடையிடம்தான் கேட்கும். கண்டவர்கள் சொல்லும் அடையாளங்கள் எந்த அளவுக்கு ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று பார்த்து, எங்கே தேட வேண்டும் என்று அது முடிவு செய்யும். "உங்க தகவல் நல்லாப் பொருந்துதுங்க. கப்பலை வடமேற்கே திருப்பியாச்சு," என்றார் அந்தப் பெண். ஊரே கோயில் மணியை அடித்தது.

அதன் பிறகு பக்கங்கள் நிற்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று சிறிதாகத் தவறாக இருக்கும். படகோட்டியின் பெயர் ததேயூஸ் என்று வந்தது. "ததேயூசா? அப்பிடி எவன் கூப்பிடுகான்? கணவாய்னு போடு," என்று யாரோ சொல்ல, அடுத்த பக்கத்தில் 'கணவாய் என்று தோழர்கள் அழைக்கும் ஒருவர்' என்று வந்தது. அதைப் படித்ததும் நான் திரையைவிட்டுத் தள்ளிப்போனேன். மற்றவர்களுக்கோ அது நிரூபணம்.

செறுபுஷ்பம் அக்கா படகின் சொந்தக்காரர் பர்ணபாஸ் அண்ணனின் மனைவி. அவள் அதுவரை வீட்டைவிட்டு வராதவள். அன்று காலை வந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று திரும்பினாள்.

"லில்லி, இஞ்ச வா. இதுல மைக்கேல் சம்மனசு படம் தெரியுதுன்னு எழுதியிருக்கு."

"ஆமா அக்கா," என்றேன்.

"அந்தப் படம் எனக்க வீட்டுலல்லா இருக்கு. கண்ணாடி ஒடஞ்சு போச்சுன்னு கழத்தி எடுத்துட்டு வந்தாரு. கட்டிலுக்கடியில கெடக்கு. படம் இல்லாமலாக்கும் இவிய போனது."

நான் சாரைப் பார்த்தேன்.

"அந்தப் படத்தைப் பத்தி இங்கே யாராவது எழுதினீங்களா?" என்று கேட்டார்.

ஜெபிஷா மெல்லக் கை தூக்கினாள். "விக்டோரியாம்மா சொன்னாவ சார். நான் எழுதினேன்."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "யாரும் எதையும் பார்க்கல," என்றார். "எங்கேயோ ஒரு கப்பல், தூரத்துல என்னமோ ஒரு புள்ளி தெரிஞ்சுதுன்னு சொல்லியிருக்கும். மீதி எல்லாம் நாம சொன்னது. நாம திருத்தத் திருத்த, அது நம்ம படகா மாறிக்கிட்டே வந்திருக்கு."

அவர் உடனே மையத்தை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார், நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அந்தப் படம் படகிலேயே இல்லைங்க. வீட்டுல இருக்கு. அப்ப பார்த்தேன்னு சொல்றது பொய்தானே?"

"சார், இருபத்து மூணு அடையாளம் பொருந்துது. ஒண்ணு பொருந்தலன்னா அது பார்த்தவரோட பிழையா இருக்கலாம்."

"அந்த இருபத்து மூணும் எங்க பிள்ளைங்க எழுதினதுங்க!"

"அதான் சார் சொல்றேன், உங்க ஊர்ப் பிள்ளைங்க கொடுத்த விவரத்தோட பொருந்துது." அந்தப் பெண் பொறுமையாகவே பேசினார். தூங்கியே பல நாளாகியிருக்கும் குரல். "படம் பற்றி நீங்க சொன்னதையும் பதிவு பண்ணிடறேன்."

"வேண்டாம்! பதிவு பண்ணாதீங்க..."

பதிவாகிவிட்டது. சிறிது நேரத்தில் வந்த புதிய பக்கத்தில் இப்படி இருந்தது: 'இஞ்சின் அறையின் மேல் படம் எதுவும் இல்லை. படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் தெரிகிறது.'

இருபத்து நாலும் பொருந்திவிட்டன.

சார் எழுந்து நின்று கைகூப்பினார். நான் ஒரு வாத்தியார் அப்படிக் கும்பிட்டுப் பார்த்ததில்லை. "உங்க எல்லாரையும் கேட்டுக்கிறேன். இனி யாரும் இதுகிட்ட எதுவும் கேக்க வேணாம். தப்பா வந்தா தப்பாவே இருக்கட்டும். திருத்தாதீங்க. நாம கேக்கறதை விட்டாத்தான் கப்பல் தெற்கே திரும்பும்."

"கேக்காம?" என்றார் விக்டோரியாம்மா. "எனக்க மவன் உண்டா இல்லையான்னு கேக்காம நான் என்ன செய்ய சாரே? மீன் விக்கப் போகவா?"

"அம்மா, அது உங்க மகன் இல்ல..."

"நீரு கடலு கண்டீரா? நேத்து வந்த ஆளு நீரு. நீருதானே படிச்சுக் குடுத்தீரு, திருத்துங்க திருத்துங்கன்னு? இப்பம் நல்ல சேதி வந்தப்ப வேண்டாமாக்கும்!"

படிப்பகத்துத் திரைகளை நான் அணைத்தேன். ஆனால் ஊரில் எல்லாருடைய மடியிலும் கைப்பேசி இருந்தது. பதினொரு வீடு, அந்த வீடுகளின் சொந்தம், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகள். யாரை நிறுத்த முடியும்?

அன்று நான் சாரைத் தனியே கூப்பிட்டேன். "சார், எல்லாரும் எல்லாம் சொல்லிட்டாவ. நான் ஒண்ணு மட்டும் சொல்லல. அவரு செய்யது ஒண்ணு உண்டும். எனக்குத்தான் தெரியும். அது வருதான்னு மொதல்ல இருந்தே பாத்துட்டு இருக்கேன். வரல."

சார் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். "என்கிட்டகூடச் சொல்லாதீங்க. இப்ப மிச்சம் இருக்குற ஒரே சரியான கேள்வி அதுதான்."

மீண்டும் மையத்துக்குப் பேசினார். ஒரு மனைவிக்கு மட்டுமே தெரிந்த அடையாளம் ஒன்று இருக்கிறது, இத்தனை பக்கத்தில் ஒன்றில்கூட அது வரவில்லை என்று விளக்கினார்.

"நல்ல விஷயம் சார். அது என்னன்னு சொல்லுங்க, பொருத்திப் பார்த்துடலாம்."

"சொன்னா உடனே பொருந்திடும்ங்க. அதான் சிக்கலே."

"சொல்லாம நாங்க எப்படி சார் பொருத்திப் பார்க்கிறது?"

அதோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்தபோது ஜெபிஷா சுவரோரம் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தாள். நான் கேட்காமலே நீட்டினாள். புதிய பக்கம். படகோட்டி, தன் மகளைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாராம். மகள் பெயர் ஜெனிஷா.

"வேண்டாம் மக்களே," என்றேன்.

"தெரியும்மா. அப்பா இல்லன்னு தெரியும். ஆனா எனக்க பேரு அப்பா வாயில தப்பா..." அவள் முடிக்கவில்லை. அந்தக் கைப்பேசியைப் பிடுங்கி எறியத்தான் கையை நீட்டினேன். அதற்குள் எழுதிவிட்டாள். ஒரே ஓர் எழுத்துதான் மாற்ற வேண்டியிருந்தது.

'மகள் ஜெபிஷாவை நன்றாகப் படிக்கச் சொன்னார்,' என்று வந்தது. அவள் அந்தக் கைப்பேசியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். நான் விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடமேற்கில் கப்பல்கள் சலித்துத் தேடின. ஒவ்வொரு நாளும், பக்கங்களில் மட்டும், படகு அவர்களுக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வாரக் கடைசியில், மீன்பிடிக்கப் போன வேற்றூர்ப் படகு ஒன்று தெற்கே கவிழ்ந்து மிதந்த ஆரோக்கிய தூதனைக் கண்டது. முதல் நாள் மையம் கணக்குப் போட்ட இடத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. மூன்று பேர் கயிற்றால் தங்களைப் படகின் அடிப்புறத்தோடு கட்டியிருந்தார்கள். ஜோபின் அவர்களில் ஒருவன். பனியன் வெயிலில் வெளிறிப்போயிருந்தது. சாகும் முன் அவர்கள் பல நாள் உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்று மருத்துவர் பங்குத்தந்தையிடம் சொன்னதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

என் கணவர் கிடைக்கவில்லை.

விசாரணை நடந்தது. சார் போய்ச் சாட்சி சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். 'கிடைத்த தகவல்களின் பொருத்தம் மிக உயர்வாக இருந்ததால் எடுத்த முடிவு முறையானதே' என்று அறிக்கை வந்தது. அதுவும் உண்மைதான். அந்த வருடக் கடைசியில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பேருந்து நிறுத்தத்துக்கு நான் மட்டும் போனேன். "நான் என்ன சொல்லிக் கொடுத்திருக்கணும், லில்லிம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

அந்தப் பக்கம் மட்டும் சாகவில்லை. யாராவது கேட்டுக்கொண்டே இருப்பதால் அது எழுதிக்கொண்டே இருக்கிறது. உடல் கிடைக்காத எட்டுப் பேர் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஏதோ ஒரு நாட்டுச் சிறையில் என்றது. பிறகு ஏதோ ஒரு துறைமுகத்தில் என்றது. வருடத்துக்கு ஏற்றபடி அவர்களுக்கு நரை விழுகிறது. கீழே எப்போதும் அதே கேள்வி. 'வேறு அடையாளம் உண்டா?'

நான் வருடத்தில் ஒருமுறை மட்டும் பார்ப்பேன். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று. எல்லோரும் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது எனக்கு ஏற்றுவதற்கு ஒரு கல்லறை இல்லை. கடற்கரையில் மணலைக் குவித்து அதில் ஏற்றுவேன். வந்து பக்கத்தைத் திறந்து, நான் சொல்லாத அந்த ஒன்று வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வந்திருக்காது. அவர் இல்லை என்று அதனால் எனக்குத் தெரியும். மூடிவிடுவேன். துக்கத்துக்கும் ஒரு சான்று வேண்டியிருந்தது, அது என்னிடம் இருந்தது.

இந்த வருடம் வந்திருந்தது.

'கடலுக்குப் புறப்படும்போது பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மிச்சத்தை வந்து குடிக்கேன் என்று தம்ளரை வைத்துவிட்டுப் போவேன். அந்த மிச்சத் தண்ணீர் இருக்கிறதா என்று லில்லியிடம் கேளுங்கள்.'

அவர் திரும்பி வரும்வரை நான் அந்தத் தம்ளரைக் கழுவ மாட்டேன். இத்தனை வருடமாக அது அடுக்களை அலமாரியில் தட்டு போட்டு மூடி இருக்கிறது. தண்ணீர் என்றோ வற்றிவிட்டது. யாருக்கும் தெரியாது. உலகத்தில் எவருக்கும் தெரியாது. ஆகவே அவர் உயிரோடு இருக்கிறார். பல வருடங்களுக்குப் பிறகு என் உடம்பில் ரத்தம் ஓடுவதை உணர்ந்தேன். "ஜெபிஷா! ஜெபிஷா!" என்று கத்தினேன்.

அவள் இப்போது நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் தேடல் ஆசிரியை. திருநாளுக்கு வந்திருந்தாள். ஓடி வந்தவள், என் கையில் திரையையும் என் முகத்தையும் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. அந்த மாற்றத்திலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"அம்மா," என்றாள். "நானாக்கும்."

"என்ன நீ?"

"நான்தான் எழுதினேன். சின்னதுலயே பாத்திருக்கேன்லா, அப்பா வைக்கதும் நீங்க மூடி வைக்கதும். அதுல அப்பா எல்லாம் பேசுகாவ. சிரிக்காவ, கேலி பேசுகாவ. இது ஒண்ணு மட்டும் இல்லாம ஏதோ வேற ஆளு மாதிரி இருந்து. என்னால சகிக்க முடியல்லம்மா. அது கேட்டுட்டே இருந்து."

நான் அவளைத் திட்டவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பார்த்த அதே முகம்தான். அவள் என் மடியில் தலை வைத்து அழுதாள், நான் தடவிக்கொடுத்தேன். அலமாரியில் அந்தத் தம்ளர் மூடியபடி இருந்தது.

எழுதக் கூடாது என்று வைத்திருந்ததை இப்போது இங்கே எழுதியதும் அதனால்தான். காக்க இனி ஒன்றுமில்லை. என்றாவது ஒருநாள் வாசலில் ஒரு குரல் வந்து மிச்சத் தண்ணீர் எங்கே என்று கேட்கலாம். நான் தம்ளரை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக் குடிப்பது யார் என்று எனக்குத் தெரியாது.